ரூத் பார்த்தாளா, ரூத்துக்குத் தெரிந்ததா?

ஆங்கிலத்தில் எட்டுப் பக்கச் சிறுகதை ஒன்றை எழுதி, இணையவழிப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். திரும்பி வந்தபோது 23 இடங்களில் சிவப்பு வட்டம். எல்லா வட்டமும் "ஷீ சா" (she saw, அவள் பார்த்தாள்) என்ற இரண்டு சொற்களின் மேல். முதல் பக்க ஓரத்தில் ஒரு குறிப்பு: "வடிகட்டிச் சொல், நீக்கவும்." ஏன் நீக்க வேண்டும் என்று எழுதவில்லை. நீக்கிய இடத்தில் எதை வைப்பது என்றும் எழுதவில்லை.

கோபம்தான் வந்தது. ஒருத்தி ஜன்னல் வழியாக எதையோ பார்க்கிறாள் என்றால் பார்த்தாள் என்று எழுதாமல் வேறெப்படி எழுதுவது? அப்புறம் கொஞ்ச காலம் கையில் பென்சிலோடு படித்தேன். ஒரு பாத்திரத்தின் கண்ணில் படுவதை ஆங்கில எழுத்தாளர்கள் எந்த எந்த விதமாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். வழிகள் அதிகம் இல்லை. ஒவ்வொன்றாக என் கதையின் ஒரே காட்சியில் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் கதை எழுதுபவர்களுக்கும், அதைவிட ஆங்கிலக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படலாம்.

காட்சி இதுதான். வட இங்கிலாந்தில் ஒரு தெரு. ரூத்துக்கு எழுபது வயது. கணவர் ஹாரி இறந்து இரண்டு மாதம். அவருடைய சாம்பல் நிறக் கோட்டை, பழைய பொருள்களை நன்கொடையாக வாங்கி விற்கும் தர்மக் கடையில் போன வாரம்தான் கொடுத்திருக்கிறாள். விடியற்காலை மாடி ஜன்னலைத் திறக்கிறாள். எதிர்வீட்டு வாசலில் ஒருவன் மண்டியிட்டு, கதவில் கடிதம் போடுவதற்காக இருக்கும் துளைக்குள் முழங்கை வரை கையை விட்டு எதையோ துழாவுகிறான். கையை வெளியே இழுக்கும்போது கோட்டின் முழங்கையில் செங்கல் நிற ஒட்டு. ரூத் தன் கையால் தைத்த ஒட்டு.

என் முதல் படியில் இவ்வளவும் "சா", "சா", "சா" என்றே போனது. ரூத் ஒருவனைப் பார்த்தாள். அவன் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். ஒட்டைப் பார்த்தாள். சிவப்புப் பேனாவின் மேல் கோபப்பட முடியாது, சரி.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடினால் பலரும் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கார்ட்னரைக் காட்டுவார்கள். எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்காக அவர் எழுதிய கையேட்டில், திரும்பியவள் பாறைகளுக்கு இடையே இரண்டு பாம்புகள் சண்டையிடுவதைக் கவனித்தாள் என்பதைவிட, அவள் திரும்பினாள், பாறைகளுக்கு இடையே இரண்டு பாம்புகள் என்று நேராகப் போவது மேல் என்கிறார். பாம்புக்கும் வாசகனுக்கும் நடுவில் அவள் எதற்கு வடிகட்டி மாதிரி நிற்க வேண்டும் என்பதுதான் வாதம். ஆனால் அதே இடத்தில், கதையில் எந்தச் சட்டமும் முற்றானது இல்லை என்றும், "ஏறக்குறைய" எல்லா இடத்திலும் என்றும் அவர் சேர்த்தே சொல்லியிருக்கிறார். பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தபோது அந்த "ஏறக்குறைய" எங்கோ உதிர்ந்துவிட்டது.

"சா" என்ற சொல்லுக்கு நியாயம் செய்வதென்றால், முதலில் அது தமிழின் "பார்த்தாள்" இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நம் "பார்த்தாள்" ஒரு பெரிய பை. கண்ணைத் திருப்பினாலும் பார்த்தாள், கண்ணில் பட்டாலும் பார்த்தாள், சினிமாவும் பார்த்தாள், மாப்பிள்ளையும் பார்த்தாள். ஆங்கிலத்தில் கண்ணைத் திருப்புவது "லுக்". நகர்வதன் மேல் கண்ணை வைத்துக்கொண்டே இருப்பது "வாட்ச்". கண்ணில் வந்து படுவது "ஸீ". ஒருத்தி "லுக்" செய்யலாம், ஆனால் "ஸீ" நடக்காமல் போகலாம். ஷெர்லாக் ஹோம்ஸ் 1891இல் வந்த ஒரு கதையில் வாட்சனை மடக்குவது இன்னும் ஒரு படி மேலே. தினமும் ஏறி இறங்கும் மாடிப்படி எத்தனை என்று கேட்கிறார். வாட்சனுக்குத் தெரியவில்லை. 17 என்கிறார் ஹோம்ஸ். உமக்குக் கண்ணில் படுகிறது, நீர் கவனிப்பதில்லை. துப்பறியும் கதை என்ற வகையே இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பிழைக்கிறது.

"சா"வுக்குப் பின்னால் வரும் வினையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "சா ஹிம் கிராஸ் த ரோட்" என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அவன் கடந்து முடித்ததைப் பார்த்தாள். "சா ஹிம் கிராஸிங்" என்றால் நடுத்தெருவில் அவன் இருந்தபோது பார்த்தாள், போய்ச் சேர்ந்தானா என்பது தெரியாது. விபத்துக்குச் சாட்சி சொல்பவள் எதைச் சொன்னாள் என்பதில் வழக்கே மாறும். தமிழில் "கடந்ததை", "கடப்பதை", "கடந்துகொண்டிருந்ததை" என்று இதைச் சொல்ல வழி உண்டு. மொழிபெயர்க்கும் அவசரத்தில்தான் எல்லாமே "கடப்பதை" ஆகிவிடுகிறது.

ஆக, "சா" என்பது ஒரு நிகழ்ச்சி. அதுவரை கண்ணில் படாதது பட்டது என்ற நிகழ்ச்சி. ஜன்னல் வழியாகத் தெரு தெரிவது நிகழ்ச்சி அல்ல. என் 23இல் குறைந்தது இருபது வெறும் தெரு தெரிந்த கணக்குதான்.

அடுத்தது "குட் ஸீ" (could see). எனக்கு மிகவும் பிடித்துப்போனதும் தமிழில் மிகவும் கெட்டுப்போவதும் இதுதான்.

ஆங்கிலத்தில் "ஷீ வாஸ் ஸீயிங்" என்று, கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது என்ற பொருளில், பொதுவாக எழுதமாட்டார்கள். நம்மவர்கள் எழுதுவோம், எழுதினால் யாரோ ஒருவரோடு காதலில் இருந்தாள் என்று பொருளாகிவிடும். அந்த வினைக்குத் தொடர்வடிவம் வராததால், நீடித்துத் தெரிவதைச் சொல்ல "கேன்", "குட்" போட்டுக்கொள்கிறார்கள். அந்த "குட்" திறமையைச் சொல்வது அல்ல. "அவளால் கூரையைப் பார்க்க முடிந்தது" என்று நம் மொழிபெயர்ப்புகளில் படிக்கும்போதெல்லாம், யாரோ கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த மாதிரிதான் எனக்குத் தோன்றும். தமிழில் அது "அங்கிருந்து கூரை தெரிந்தது". அவ்வளவுதான். முடிந்ததும் இல்லை, முடியாததும் இல்லை.

ஆனால் ஆங்கிலத்தில் "குட் ஸீ"க்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது பார்வையின் எல்லையைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். இங்கிருந்து இவ்வளவுதான் தெரியும் என்ற சேதி அதற்குள் இருக்கிறது. வேலிக்கு மேலே அவன் தொப்பி மட்டும், கதவிடுக்கில் ஒரு காலணி மட்டும், மூடுபனியில் விளக்கின் மஞ்சள் மட்டும். ஃபாக்னரின் 1929 நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. மனவளர்ச்சி குன்றிய பெஞ்சி வேலி இடுக்கு வழியாக, சிலர் அடிப்பதைப் பார்க்கிறான். எதை அடிக்கிறார்கள் என்று சொல்லத் தெரியாது. அது கோல்ஃப் மைதானம் என்று வாசகன்தான் கொடியையும் அடியையும் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். பெஞ்சியின் வேலி இரண்டு இடத்தில் நிற்கிறது. ஒன்று மைதானத்தின் ஓரத்தில், இன்னொன்று அவன் தலைக்குள்.

ரூத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தபோது என் கதையில் இருந்த ஓட்டை தெரிந்தது. எழுபது வயதுக்காரி, விடியற்காலை, தெருவின் அந்தப் பக்கம். அவளுக்கு என்ன தெரியும்? மூக்குக்கண்ணாடி எங்கே? நான் யோசிக்கவே இல்லை. "ஷீ சா" என்று போட்டுக்கொண்டே போனதால் கண் என்ற உறுப்பையே மறந்திருந்தேன். "குட் ஸீ" என்று எழுதத் தொடங்கியதும்தான் தூரம், வெளிச்சம், ஜன்னல் சட்டம் எல்லாம் கேள்வி கேட்க ஆரம்பித்தன. கண்ணாடியைப் படுக்கை மேசையில் வைத்தேன்.

மூன்றாவது வழிதான் பட்டறைக்காரர் மனத்தில் இருந்தது. பார்க்கும் வினையை முழுவதும் எடுத்துவிடுவது. எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எடுத்த இடத்தில் ஆங்கிலம் சத்தமில்லாமல் வேறு சில கருவிகளை வைக்கிறது.

"ரூத் ஜன்னலைத் திறந்தாள். ஒருவன் எதிர்வீட்டு வாசலில் மண்டியிட்டான்." இதில் இரண்டு செயல்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. அவள் திறந்தாள், உடனே அவன் மண்டியிட்டான், ஏதோ அவள் திறப்பதற்காகக் காத்திருந்த மாதிரி. "நெல்ட்" என்று எளிய இறந்தகாலம் போட்டால் ஆங்கிலத்திலும் இதே கதிதான். "வாஸ் நீலிங்" என்று மாற்றினால், அவள் கண் போய்ச் சேர்வதற்கு முன்பே அவன் மண்டியிட்டிருந்தான் என்று ஆகிவிடும். திறந்தாள் என்பது அவள் செயல். மண்டியிட்டிருந்தான் என்பது அவள் கண்ணில் பட்டது. நடுவில் "பார்த்தாள்" இல்லாமலே பார்த்துவிட்டாள். மொழியியலாளர் ஆன் பேன்ஃபீல்ட் 1982இல் வெளியிட்ட நூலில் இவ்வகை வாக்கியங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். யாரும் வாய்திறந்து பேசாத, கதைக்குள் மட்டுமே வாழும் வாக்கியங்கள் என்பது அவர் கட்சி.

தமிழுக்கு இந்த வசதி அப்படியே உண்டு. "கதவைத் திறந்தான். மழை பெய்துகொண்டிருந்தது." நாம் தினமும் எழுதுவதுதான்.

நமக்கு இல்லாத கருவி "எ" (a), "த" (the) என்ற அந்த இரண்டு சிறு சொற்கள். "எ மேன்" என்றால் அவள் முன்பின் அறியாத ஒருவன். "த மேன்" என்றால் அவள் ஏற்கெனவே அறிந்த, அல்லது சற்று முன்பு கண்ணில் பட்ட ஆள். எழுத்தாளர் ஒன்றும் விளக்காமல், பாத்திரத்துக்கு எது தெரியும் எது தெரியாது என்று இந்தச் சொற்களே சொல்லிவிடும். ரூத்தின் காட்சியில் கோட்டுக்கு மூன்று படி அமைந்தது. முதலில் "எ கோட்". அப்புறம் "த கோட்". கடைசியில் "ஹாரீஸ் கோட்". ஒரு கோட், அந்தக் கோட், ஹாரியின் கோட். அடையாளம் கண்டாள் என்று எங்கேயும் எழுத வேண்டியதில்லை. ஏறிவந்த அந்த மூன்று படியே அடையாளம் காண்பதுதான். இதை நானே கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். யாருக்கும் புரியவில்லை.

சொல் வரிசையும் ஒரு கருவிதான். ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வருவது வழக்கம். அதை மாற்றி, தெருவுக்கு அந்தப்புறம், கதவருகில், மங்கலில் என்று இடத்தை முதலில் வைத்து ஆளைக் கடைசியில் வைத்தால், வாசகனின் கண்ணும் அதே பாதையில் நடக்கும். நமக்கு இது இயல்பாகவே வரும் வரிசை. அதனாலேயே ஆங்கிலத்தில் அதற்கு இருக்கும் விசேஷத்தை நாம் கவனிப்பதில்லை, எல்லா வாக்கியத்திலும் செய்து சலிக்க வைத்துவிடுகிறோம்.

இந்த வழியை எல்லை வரை கொண்டுபோனவர் வர்ஜீனியா உல்ஃப். 1925இல் வந்த அவரது நாவலில் லண்டன் வானத்தில் ஒரு விமானம் புகையால் எழுத்து எழுதுகிறது. தெருவில் நிற்பவர்களில் ஒருவர் கிளாக்ஸோ என்கிறார், ஒருவர் கிரீமோ என்கிறார், ஒருவர் டாஃபி என்கிறார். காற்று எழுத்தைக் கலைத்துக்கொண்டே போகிறது. நாவல் எது சரி என்று தீர்ப்பு சொல்லாது. வானத்தில் இருப்பதும் அவரவர் தலையில் இருப்பதும் ஒரே வாக்கியத்தில் ஓடும். அழகுதான். ஆனால் ஒரே ஜன்னல், ஒரே கிழவி என்று எழுதுகிற எனக்கு அந்தக் கூட்டம் வேண்டாம்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். பக்கக்கணக்கில் பார்க்கும் வினையே இல்லாமல் எழுதினால், ஒரு கட்டத்தில் யார் பார்க்கிறார்கள் என்பதே கழன்று போய்விடும். இரண்டு பாத்திரம் ஒரே அறையில் இருந்தால் இன்னும் சிக்கல். ஒரு "லுக்ட் அப்", ஒரு தலைத் திருப்பல், அவ்வப்போது ஆணி மாதிரி அடிக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, கேமரா. எந்தக் கண்ணுக்குள்ளும் போகாமல், அறையின் மூலையில் நின்று வெளியே தெரிவதை மட்டும் சொல்வது. டாஷியல் ஹாமெட்டின் 1930 துப்பறியும் நாவலில் துப்பறிவாளன் ஸ்பேடின் தலைக்குள் நாம் போவதே இல்லை. அவன் சிகரெட் சுருட்டுவதை விரல் விரலாகப் பார்க்கிறோம், என்ன நினைக்கிறான் என்பது கடைசி வரை நமக்குக் கிடையாது. ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட கொலையாளிகள் கதையும் அப்படியே. சிற்றுண்டிக் கடைக்குள் இரண்டு பேர் வருகிறார்கள், யார் என்று அவர்கள் பேச்சிலிருந்துதான் நமக்குத் தெரிய வேண்டும். மறைக்க ஏதாவது இருப்பவனுக்கு இந்த வழி சரி. ரூத்துக்கு மறைக்க ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலருகே ஒரு கிழவி, அவ்வளவுதான் படம். கோட் யாருடையது என்பது கேமராவுக்குத் தெரியாது. ஒரே நிமிடத்தில் இதைத் தள்ளிவிட்டேன்.

கடைசி வழிதான் என்னை நாள்கணக்கில் அலைக்கழித்தது. கண்ணில் படுவதை முதலில் சொல்வது, அது என்ன என்பதைப் பிறகு சொல்வது. கான்ராட் ஆப்பிரிக்க ஆற்றில் போகும் கப்பலைப் பற்றி 1899இல் எழுதிய கதையில், கப்பல் தலைவன் மார்லோவைச் சுற்றிச் சின்னச் சின்னக் குச்சிகள் பறக்கின்றன. குச்சிகள்தான். அவன் மூக்கருகே போகின்றன, காலடியில் விழுகின்றன. கொஞ்சம் கழித்தே அவனுக்கு உறைக்கிறது, அம்பு. அதே கதையில் தொலைவிலிருந்து வேலிக் கம்பங்களின் உச்சியில் அலங்காரக் குமிழ் மாதிரித் தெரிந்தவை, தொலைநோக்கியில் பார்த்தால் மனிதத் தலைகள். இயன் வாட் என்ற விமர்சகர் 1979இல் இதற்கு "டிலேய்ட் டிகோடிங்" என்று பெயர் வைத்தார், பொருள் பிந்தி வருவது என்று வைத்துக்கொள்ளலாம்.

டிக்கன்ஸ் இதைக் கான்ராடுக்குச் சுமார் நாற்பது வருடம் முன்பே செய்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் தப்பியோடிய கைதி ஒருவன் சிறுவன் பிப்பைத் தலைகீழாகத் தூக்கிக் கவிழ்க்கும்போது, கோயில்தான் குட்டிக்கரணம் போடுகிறது. கோபுரம் பிப்பின் காலுக்குக் கீழே தெரிகிறது. தலைகீழானது தான்தான் என்று பையன் சொல்வதில்லை, கோயில் தானாகவே நேரானது என்றே சொல்கிறான்.

ரூத்துக்கு இது பொருந்தும் என்று தோன்றியது. கண்ணாடி போடவில்லையே. முதலில் கதவருகே ஒரு மூட்டை. மூட்டை அசைகிறது. மூட்டைக்கு முதுகு இருக்கிறது. எழுதிப் பார்த்தேன். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "வித்தை காட்டுற மாதிரி இருக்குப்பா" என்றார். ஏன் என்று யோசித்தபோதுதான் கான்ராடிடம் இருந்த காரணம் பிடிபட்டது. மார்லோ சும்மா நிற்கவில்லை. ஆற்றின் ஆழத்தை அளக்கும் கோலைக் கவனித்துக்கொண்டிருந்தான், கப்பல் தரைதட்டுமோ என்ற பயம் அவனுக்கு. அம்பை அம்பு என்று புரிந்துகொள்ள மூளைக்கு ஓய்வில்லை. பிப்பைத் தூக்கிக் கவிழ்த்திருக்கிறார்கள். தாமதத்துக்குப் பாத்திரத்திடம் காரணம் இருக்க வேண்டும். எழுத்தாளரிடம் மட்டும் இருந்தால் அது வித்தை.

ஹென்றி ஜேம்ஸிடம் போனதும் இதனால்தான். 1903இல் வந்த அவர் நாவலில் ஸ்ட்ரெதர் என்ற அமெரிக்கர் பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் தனியாகச் சுற்றுகிறார். முன்பு பாஸ்டனில் வாங்க முடியாமல் விட்ட, லாம்பினே என்ற பிரெஞ்சு ஓவியரின் ஓவியம் ஒன்றுக்குள்ளேயே நடப்பது போல அவருக்கு அன்றைய பொழுது. ஆற்று வளைவில் ஒரு படகு வருகிறது. துடுப்புப் போடும் ஒருவன், இளஞ்சிவப்புக் குடையோடு ஒரு பெண். ஓவியத்தில் இதுதான் குறைவாக இருந்தது என்று நினைக்கிறார். குடை சற்றே அசைகிறது, முகத்தை மறைப்பது போல. அப்புறம்தான் தெரிகிறது, இருவரும் அவர் நன்கு அறிந்தவர்கள், அவரிடம் மறைத்துவைத்த உறவு அங்கே பட்டப்பகலில் மிதந்து வருகிறது. ஸ்ட்ரெதரின் தாமதத்துக்குக் காரணம் கண் அல்ல, அவருடைய ஆசை. ஓவியமாகவே பார்க்க வேண்டும் என்ற ஆசை. இன்னொன்றும் கவனித்தேன். அந்த அத்தியாயத்தை ஜேம்ஸ் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? "வாட் ஹீ சா" என்று. என்னைப் பொறுத்தவரை ஆங்கிலத்தின் மிகச் சிறந்த பார்க்கும் காட்சி, சிவப்பு வட்டம் போடப்படவேண்டிய சொல்லிலேயே தொடங்குகிறது.

அப்படியென்றால் ரூத்தின் தாமதத்துக்குக் காரணம் மூக்குக்கண்ணாடியாக இருக்கக் கூடாது. அது வெறும் வசதி. கோட்டை அவள் உடனே அடையாளம் காணாததற்குக் காரணம், அதைத் தன் கையால் கொடுத்துவிட்டு வந்தது. கொடுத்தது திரும்பி வராது என்ற நிம்மதியில் ஒரு வாரம் தூங்கியவள். கண்ணாடியை மறுபடி அவள் மூக்கிலேயே மாட்டினேன். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, ஆனாலும் பிந்துகிறது.

எனவே மூட்டை போயிற்று, கேமரா போயிற்று. காட்சியின் உடம்பு முழுக்க மூன்றாவது வழி. ஜன்னலைத் திறந்தாள், ஒருவன் மண்டியிட்டிருந்தான். "குட் ஸீ" ஒரே ஒரு இடத்தில், அவன் முகம் கதவுப் பக்கம் இருந்ததால் முதுகு மட்டும் தெரிந்தது என்று சொல்ல. கோட் அதன் மூன்று படியையும் ஏறுகிறது. செங்கல் நிற ஒட்டு வெளியே வரும் இடத்தில் "ஷீ சா" என்று ஒருமுறை வைத்தேன், அது நிகழ்ச்சி என்பதால். 23இல் அது ஒன்று மிஞ்சியது.

இரண்டாவதாக ஒன்றும் மிஞ்சியது, அதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் அந்த ஆள் நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்க்கிறான். "லுக்ட் அப்" என்று எழுதினால் அவன் தலை திரும்பியது மட்டும்தான் ரூத்துக்குத் தெரியும். "சா ஹெர்" என்று எழுதினால் அவள் அவன் கண்ணில் பட்டுவிட்டாள் என்று ரூத்துக்கு எப்படித் தெரியும்? விடியல் வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் விழுந்திருந்தால் அவனுக்கு வானம்தானே தெரிந்திருக்கும்? இப்போதைக்கு "லுக்ட் அப்" இருக்கிறது, அதன் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும்.